நடுவானைத் தரையென்று கொண்ட உயரமானி

சென்ற ஆண்டு ஜூலை மாதக் காலையொன்றில், தென்னாப்பிரிக்காவின் ஹாரிஸ்மித் நகரைத் தாண்டிய புல்வெளியில், ஓராண்டு உழைத்துக் கட்டிய என் ராக்கெட் 1004 மீட்டர் உயரம் சென்று, உச்சியில் சிறிய பாராசூட்டைச் சரியாக விரித்து, பெரிய பாராசூட்டை விரிக்காமலே தரையில் விழுந்தது. விநாடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டியது 22 மீட்டர் வேகத்தில் இறங்கியது. வேகம் நான்கு மடங்கானால் மோதும் ஆற்றல் பதினாறு மடங்காகும். வால்பகுதியின் ஒரு துடுப்பு உடைந்தது, உடல்குழாயில் நெடுக விரிசல் விழுந்தது. அருகில் எவரும் இல்லாததால் யாருக்கும் காயமில்லை. டர்பனில் உயரமானிக்கான மின்சுற்றுப் பலகை செய்து மேட்டு நிலத்தில் பறக்கவிட நினைக்கும் எவருக்கும் இது நேரலாம் என்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். 2021 மார்ச்சில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தாரின் ஃபீனிக்ஸ் ராக்கெட் 17.9 கிலோமீட்டர் உயரம் எட்டிய செய்தியைப் படித்த நாளிலிருந்து இந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. வான்வெளி அனுமதி பெற்று ராக்கெட் பறக்கவிடும் ஒரு குழுவோடு சேர்ந்து, முதலில் சிறியவற்றைக் கட்டிப் பழகி, பிறகு ஜே வகுப்பு, அதாவது 640 முதல் 1280 நியூட்டன்-விநாடி உந்தம் தரும் இயந்திரத்துக்கு வந்தேன்.

இவ்வளவு உயரம் செல்லும் ராக்கெட்டுக்கு ஒரே பாராசூட் போதாது. உச்சியிலேயே பெரியதை விரித்தால் காற்று அதைப் பல கிலோமீட்டர் இழுத்துச் சென்றுவிடும். ஆகவே உச்சியில் சிறியதை விரித்து வேகமாக இறங்கவிட்டு, 250 மீட்டரில் பெரியதை விரிக்கிறோம். பெரிய பாராசூட்டின் அளவை நான் முதலில் கடல்மட்டக் காற்றுக்குக் கணக்கிட்டு 1.70 மீட்டர் விட்டம் என்று முடிவு செய்திருந்தேன். ஹாரிஸ்மித் ஏறக்குறைய 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் தீர்ந்தபின் 3.2 கிலோ எடையுள்ள என் ராக்கெட்டுக்கு 1.83 மீட்டர் தேவைப்பட்டது.

அதைத் தைத்தவர் என் பெரியம்மா. டர்பன் ஆடைத் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். நான் வரைந்துகொடுத்த பன்னிரண்டு துண்டுகளின் மாதிரியைப் பார்த்ததும், "பாரம் எங்கேப்பா விழும்?" என்றுதான் முதலில் கேட்டார். கயிறுகளை விளிம்பில் மட்டும் தைத்தால் அங்கேயே கிழியும் என்று சொல்லி, அவற்றைத் துணியின் மேலாக உச்சிவரை கொண்டுபோய்த் தைத்தார். கிழிசல் பரவாதபடி நெய்த ரிப்ஸ்டாப் நைலானின் வெட்டிய ஓரங்கள் பிரியாதபடி ஒவ்வொரு சேர்ப்பையும் இரட்டையாக மடித்துத் தைத்தார். அந்தக் கேள்வியை நான் என் மின்சுற்றிடமும் கேட்டிருக்க வேண்டும்.

உயரமானிப் பலகை காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. அதைச் சோதிக்க அரை லிட்டர் ஊறுகாய் ஜாடியின் மூடியில் துளையிட்டு, கம்பிகளை எபாக்சியால் அடைத்து, 60 மில்லிலிட்டர் ஊசிக்குழலால் காற்றை இழுத்தேன். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்து, பலகை 900 மீட்டரைத் தாண்டியதாகக் காட்டியது. ஊசிக்குழலை மெல்ல விட்டபோது உச்சிக்குரிய விளக்கும், பிறகு 250 மீட்டருக்குரிய விளக்கும் எரிந்தன. இருபது முறை செய்தேன், இருபது முறையும் சரியாக வந்தது. பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்தைப் பற்றவைக்கும் மின் கொளுத்திகளுக்குப் பதிலாகச் சிறு விளக்குகளை இணைத்திருந்ததும், என் அறை 25 பாகை வெப்பத்தில் இருந்ததும் அந்த வெற்றிக்குக் காரணம் என்பதை நான் அறியவில்லை.

விழுந்த ராக்கெட்டின் நினைவகத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பதிவுகள் இருந்தன. முதலாவது, உச்சியில் கொளுத்திக்கு மின்சாரம் கொடுத்த கணத்தில் அறுந்திருந்தது. இரண்டாவது சுழியத்தில் தொடங்கி, விநாடிக்கு விநாடி -21, -43, -65 என்று இறங்கிக்கொண்டே போயிருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பலகைக்கும் கொளுத்திக்கும் ஒரே 9 வோல்ட் பேட்டரியை வைத்திருந்தேன். கொளுத்தி ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சில கொளுத்திகள் எரிந்தபின்னும் குறுக்குச் சுற்றாகவே கிடக்கும். உறைபனி விழுந்த அந்தக் காலையில் பேட்டரியின் உள்மின்தடையும் கூடியிருந்ததால், மின்னழுத்தம் சரிந்து, பலகையின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் அணைந்து மறுபடி தொடங்கியது. தொடங்கியதும், நான் எழுதிய நிரலின்படியே, தான் இருந்த இடத்தைத் தரை என்று குறித்துக்கொண்டு, ஏவப்படுவதற்காகக் காத்திருந்தது. பிழை முழுவதும் என்னுடையது.

இப்போது பலகைக்கு ஒரு பேட்டரி, கொளுத்திகளுக்கு வேறொரு லித்தியம் பேட்டரி. கொளுத்திக்கான மின்னோட்டம் 50 மில்லிவிநாடியில் நின்றுவிடும். தரையின் அழுத்தமும் பயணத்தின் கட்டமும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுவதால், நடுவில் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இவற்றுக்கும் மேலாக, கடையில் வாங்கிய வேறொரு உயரமானி, தனக்கென்று பேட்டரியும் கொளுத்திகளும் கொண்டு, உச்சியில் ஒரு விநாடி பிந்தியும் கீழே 200 மீட்டரிலும் தன் மருந்தைப் பற்றவைக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் என் பலகையையும் பேட்டரிகளையும் வீட்டு உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து, வெறும் கொளுத்தியையே இணைத்துச் சுட்டுப் பார்க்கிறேன்.

கருமருந்தின் அளவையும் திரும்பச் சோதித்தேன். என் குழாய்க்குக் கணக்கு 1.6 கிராம் என்றது. தரையில் கிடத்திச் சுட்டபோது குழாயின் பகுதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நைலான் திருகுகள் முறிந்தாலும் பாராசூட் பாதிதான் வெளியே வந்தது. முகப்பவுடர் தூவித் தளர்வாக மடித்து, 2 கிராம் வைத்தபோது முழுவதும் வெளிவந்தது. இந்தச் சோதனையில் குழாயின் இரு முனைக்கு நேராகவும் எவரும் நிற்கக் கூடாது. ஏவுதளத்தில் ராக்கெட் நிமிர்ந்து நிற்கும்வரை உயரமானியின் சுவிட்சைத் தொடவும் கூடாது.

செப்டம்பரில் அதே புல்வெளியில் மறுபடி ஏவினோம். 250 மீட்டரில் பெரியம்மாவின் பாராசூட் விரிந்ததைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது. பதிவு ஒன்றே, அறுபடாமல் இருந்தது. வீடு திரும்பியதும் பெரியம்மா துணியை மேசைமேல் பரப்பி, ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்து, உச்சிக்கு அருகே நூல் இழுபட்டிருந்த ஓரிடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். அந்தச் சேர்ப்பை இந்த வாரம் பிரித்து மறுபடி தைக்கிறார்.