2.1 கிலோமீட்டருக்குக் கீழே என்னதான் ஆச்சு?

விண்கலம் ஒன்று தொடர்பை இழந்துவிட்டால் நம் ஆட்களில் பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் கேலி செய்கிறார்கள். நடுவில் ஒருவன் "என்னதான் ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டு அவனை மொத்துகிறது. நிலாவில் இறங்கப் போன இந்தியாவின் சந்திரயான்-2 சமயத்தில் சிங்கப்பூரில் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

2019 செப்டம்பர் 7, சனிக்கிழமை. இந்தியாவில் நடுராத்திரி ஒன்றே முக்கால் என்றால் இங்கே விடியற்காலை நாலேகால். நேரலையில் ஒரு சிவப்புக் கோடு, நிலாவில் இறங்கவேண்டிய கலமான விக்ரம் போகவேண்டிய பாதை. அதன் மேலேயே ஒரு பச்சைக் கோடு, விக்ரம் நிஜமாகவே போய்க்கொண்டிருந்த பாதை. ரொம்ப நேரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டுதான் வந்தன, கடைசியில் பச்சை லேசாக விலகியது, அப்புறம் நகரவே இல்லை. பெங்களூர் கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல் நின்றுபோய் நல்ல நேரம் கழித்துத்தான் அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் மைக்கைப் பிடித்தார். 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி இருந்தது, அதன் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது, தரவுகளை ஆராய்கிறோம். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு உலகத்தில் பேசப்பட்ட பேச்சிலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் பிரதமர் அவரைக் கட்டிப்பிடித்த வீடியோ வந்தது, எல்லாம் அதில் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை, தமிழ் மீடியம், விவசாயி வீட்டுப் பிள்ளை என்று சிவன் கதையை எல்லாரும் பகிர்ந்தார்கள். பெருமைப்படவேண்டிய கதைதான், நானும் பகிர்ந்தேன். அடுத்து "95 சதவீதம் வெற்றி" வந்தது. நாக்பூர் போலீஸ், விக்ரம், தயவுசெய்து பதில் சொல், சிக்னலை மீறியதற்கு அபராதம் போடமாட்டோம் என்று ட்வீட் போட்டார்கள், அதற்குச் சிரிக்காதவர்கள் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் இந்தத் திட்டத்துக்குச் செலவான 978 கோடி ரூபாயில் எத்தனை கழிப்பறை கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக் குழுவில் ஒரு பையன், பிரேக் பிடிக்கவில்லையா, சாப்ட்வேர் கோளாறா என்று சாதாரணமாகத்தான் கேட்டான். "இந்த நேரத்தில் இது ரொம்ப முக்கியமா?" "நீ இந்தியன்தானா?" மதியத்துக்குள் அவன் குழுவை விட்டே போய்விட்டான்.

அதே காலையில் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு டாக்சி ஓட்டும் அங்கிள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கையில் மடித்த தமிழ் முரசு. "என்ன தம்பி, உங்க ஊரு ராக்கெட் விழுந்துடுச்சாமே?" என்றார். ராக்கெட் விழவில்லை அங்கிள், அது ஜூலை 22ஆம் தேதியே தன் வேலையை முடித்துவிட்டது, இறங்கின கலம்தான் என்றேன். "அதானே, எங்க சாட்டிலைட்டையெல்லாம் நல்லாத்தானே ஏத்தி விட்டாங்க" என்றார். 2015 டிசம்பரில் டெலியோஸ்-1 உட்பட ஆறு சிங்கப்பூர் செயற்கைக்கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் கொண்டுபோனதைச் சொல்கிறார். அப்புறம் கேட்டார், "அவ்ளோ தூரம் ஒழுங்கா போன சாமான், கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல என்ன ஆச்சு?" கடைக்காரர் நெஞ்சுக்கறியா தொடையா என்று கேட்டுக் கத்தும்வரை நாங்கள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். ஊர்ப்பாசம் குறைவாக இருந்ததால்தான் அவருக்கு அந்தக் கேள்வி சுலபமாக வந்தது என்று தோன்றுகிறது.

இது இந்தியர்களின் வியாதி மட்டும் இல்லை. அதே வருடம் பிப்ரவரியில் செவ்வாயில் ஓடிய ஆப்பர்சூனிட்டி என்ற ஆய்வு வண்டி முடிந்துவிட்டது என்று நாசா அறிவித்தபோது, "பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்று அது கடைசியாகச் சொன்னதாக உலகமே உருகியது. அது அப்படிச் சொல்லவே இல்லை. ஒரு பத்திரிகையாளர் தன் பாணியில் சுருக்கி எழுதியது அது. வந்தது என்னவோ மின்சாரம் எவ்வளவு மிச்சம், வானம் எவ்வளவு தூசி என்ற எண்கள்தான். 90 செவ்வாய் நாளுக்குச் செய்த வண்டி 14 வருடத்துக்கு மேல் ஓடி 45 கிலோமீட்டர் கடந்தது, எனக்கு அதில்தான் கண்ணீர் வரும்.

சரி, விக்ரமுக்கு என்ன ஆச்சு? பதில் துண்டு துண்டாக வந்தது, வந்தபோது கேட்க ஆள் இல்லை. நவம்பரில் இந்திய நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்தார்கள்: இறங்கும்போது இரண்டாம் கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. அதாவது பிரேக் பிடிக்காமல் இல்லை, கூடுதலாகப் பிடித்துவிட்டது! டிசம்பரில் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் நாசாவின் நிலாப் படங்களை வைத்துச் சிதறிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். மீதியை 2023இல் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் வரவேண்டிய கட்டத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அதைச் சரிசெய்ய வேகமாகத் திரும்பவேண்டும், ஆனால் அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு அனுமதி இல்லை. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர், அங்கேதான் போய்ச் சேருவேன் என்று தரை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்டியிருக்கிறது. சின்னப் பிள்ளை பரீட்சை மணி அடித்தபிறகும் கடைசிக் கேள்வியை எழுதி முடிக்கப் பார்க்கிற மாதிரி. அடுத்து அனுப்பிய சந்திரயான்-3இல் இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், காலைப் பலப்படுத்தினார்கள், நடு எஞ்சினையே எடுத்துவிட்டார்கள். என்னென்ன தப்பலாம் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து கலத்தை வடிவமைத்தார்கள். அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் நாலு வருடம் உட்கார்ந்து அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

சந்திரயான்-3இன் கலமும் பிறகு பேசாமல் போனது, அதற்கும் பெயர் விக்ரம்தான். 2023 ஆகஸ்ட் 23 ராத்திரி எட்டரைக்கு இறங்கியபோது எங்கள் புளோக்கில் கேட்ட கூச்சல் தேசிய தினத்துக்குக்கூடக் கேட்டதில்லை. ஒரு நிலாப் பகல், அதாவது நம் கணக்கில் சுமார் 14 நாள், வேலை செய்துவிட்டுத் தூங்க வைக்கப்பட்ட கலத்தைச் செப்டம்பர் 22 அன்று எழுப்பிப் பார்த்தார்கள், சமிக்ஞை வரவில்லை. விக்ரம், பதில் சொல்லப்பா என்று யாரும் கெஞ்சவில்லை. குழுவில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது தீபாவளிக்குத் திருச்சி டிக்கெட் என்ன விலை என்பதுதான்.