எலியின் கணுக்காலில் ஒரு மைக்கோடு

எம்.ஃபார்ம் ஆய்வுக்காக நொச்சி இலைச் சாற்றின் அழற்சி எதிர்ப்புத் திறனைச் சோதிக்க முற்பட்டபோது, எலியின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி அளப்பதுதான் இருப்பதிலேயே எளிய வேலை என்று எண்ணியிருந்தேன். விண்டர், ரிஸ்லி, நஸ் ஆகிய மூவர் 1962இல் வெளியிட்ட இந்த முறையைப் பாடநூல்கள் அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன.

முதல் தடை விலங்கு நெறிமுறைக் குழுவில் வந்தது. ஒப்புதல் கேட்கும் பி படிவத்தில் ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஆறு விஸ்டார் வகை ஆய்வக எலிகள் என்று எழுதியிருந்தேன். நொச்சிச் சாற்றை மூன்று வெவ்வேறு அளவுகளில் கொடுப்பது எதற்கு என்று கேட்டார்கள். முன்னவர்கள் அப்படிச் செய்தார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஒரு பிரிவைக் குறைத்து 24 எலிகளுக்கு ஒப்புதல் பெற்றேன். அந்தக் கேள்வி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீக்கத்தை உண்டாக்க, செங்கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் காராஜீனன் என்ற பொருளை உப்புநீரில் 1 சதவீதக் கரைசலாக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டி கட்டியாகி ஊசியை அடைத்துவிடும். வாய்வழியாக மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, வலது பின்னங்காலின் உள்ளங்காற்தோலுக்கு அடியில் 0.1 மி.லி. செலுத்தினேன்.

உண்மையான சிக்கல் அளவெடுப்பில் இருந்தது. பிளெத்திஸ்மோமீட்டரில் பாதத்தை அமிழ்த்தினால் அது இடம்பெயர்க்கும் நீரின் கனஅளவு தெரியும். ஆனால் கால் சிறிது ஆழமாக இறங்கினாலே எண் மாறிவிடுகிறது. ஊசி போடுவதற்கு முன்பே ஒரே எலியை மூன்று முறை அளந்து மூன்று விடைகள் பெற்றபோது, நான் அளந்தது பாதத்தையா, என் கை நடுக்கத்தையா என்ற ஐயம் எழுந்தது. கணுக்காலைச் சுற்றி அழியாத மையால் கோடிட்டு அதுவரை மட்டும் அமிழ்த்துமாறு வழிகாட்டி சொன்னார். எலிகள் அதையும் நக்கி மங்கச் செய்தன. ஒவ்வொரு மணி நேரமும் மறுபடி வரைந்தோம். தோழி எலியைப் பிடிக்க, எது எந்தப் பிரிவு என்று அறியாமல் நான் எண்ணை மட்டும் குறித்தேன். 24 எலிகளையும் ஒரே நேரத்தில் அளக்க முடியாது என்பதால், ஊசியையே இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் போட வேண்டியிருந்தது.

முதல் மணி நேர எண்களைப் பிரிவுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒப்பீட்டுக்காக இண்டோமெத்தசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுத்த எலிகளுக்கும் மருந்தே கொடுக்காதவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், ஊசியைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று கலங்கினேன். ஆனால் தவறு ஊசியில் இல்லை. தொடக்க வீக்கத்துக்கு முதன்மைக் காரணம் உடலே வெளியிடும் ஹிஸ்டமினும் செரோடோனினும். அழற்சியைத் தூண்டும் வேறு பொருள்களான புரோஸ்டாகிளாண்டின்கள் ஓங்குவது பிற்பகுதியில்தான். அவற்றின் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெத்தசினின் பலன் மூன்றாம் மணி அளவீட்டில் தெளிவாகத் தெரிந்தது. நொச்சியின் உயர் அளவும் அப்போது வீக்கத்தைக் குறைத்திருந்தது, இண்டோமெத்தசின் அளவுக்கு இல்லை.

மூட்டுவாதத்துக்கும் இச்சாறு உதவும் என்று முடிவுரையில் எழுதியிருந்த வரியை வழிகாட்டி அடித்தார். அதைச் சொல்ல நோயெதிர்ப்பைத் தூண்டும் ஃபிராய்ண்ட் துணையூக்கி என்ற கலவையைச் செலுத்தி மூட்டழற்சியை உண்டாக்கி வாரக்கணக்கில் கவனிக்க வேண்டும். எலிகள் படும் வேதனையும் அதற்கேற்ப நீளும். அந்தச் சோதனைக்கு நான் ஒப்புதல் கேட்கவில்லை. ‘உடனடி அழற்சியில் மட்டும்’ என்று திருத்தி ஆய்வேட்டை ஒப்படைத்தேன்.