ஸ்காபரோவிலிருந்து வந்த விடுதி

ரொறன்ரோவின் வடமேற்கே, 1960இல் திறக்கப்பட்ட பிளாக் கிரீக் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு நேற்றுப் பிள்ளைகளோடு சென்றிருந்தேன். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜெர்மானிய வழியினரான டேனியல் ஸ்டோங்கும் எலிசபெத்தும் 1816இல் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சிறு வீடும், 1832இல் எழுப்பிய பெரிய வீடும் அதே நிலத்தில் இன்றும் நிற்கின்றன.

ஏனைய கட்டடங்களுட் பல வேறு ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நம்மவர் பலர் வாழும் ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்ட் வீதியும் சந்திக்குமிடத்தில் 1849இல் கட்டப்பட்ட 'ஹாஃப் வே ஹவுஸ்' என்னும் குதிரைவண்டிப் பயணிகள் விடுதி இங்கே இருப்பதைக் கண்டபோது, நாள்தோறும் நான் கடந்துபோகும் சந்தியின் பழைய முகத்தைப் பார்த்ததுபோல நெகிழ்ந்தேன்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, அமேலியாஸ்பேர்க் என்னும் ஊரில் 1842இல் தோன்றிய ரொப்லின் மாவரைக்கும் ஆலை. நீர்ச்சக்கரத்தின் விசை பற்சக்கரங்களின் வழியே ஏறி மேற்கல்லைச் சுழற்ற, அசையாத கீழ்க்கல்லுக்கும் அதற்கும் இடையே தானியம் அரைபடும் முறை, அம்மம்மா கையால் சுற்றிய திருகையின் முறையேதான்.

இந்த இடத்துக்குப் பெயர் தந்த பிளாக் கிரீக் ஓடைக்கரையில் 15ஆம் நூற்றாண்டிலேயே வெண்டாட் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர் இருந்தது. குடியேறிகளின் வீடுகளை இவ்வளவு அக்கறையோடு காக்கும் இடத்தில், அவர்களுக்கு முன்னர் வாழ்ந்தோரின் கதையும் அதே விரிவோடு சொல்லப்பட வேண்டும் என்றே நான் விரும்புகின்றேன்.