தம்பியைச் சிகிச்சைக்குச் சேர்க்க நாங்கள் பட்ட பாடு

தூள் எனப்படும் ஹெரோயின் பாவிக்கும் பிள்ளை ‘என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கோ’ என்று தன் வாயால் கேட்கும் நேரம் மிகக் குறுகியது. அந்த நேரத்தைத்தான் எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்று வீணாக்கியது. தம்பி வீடு திரும்பிவிட்ட இந்நாளிலும் அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

தங்கியிருந்து சிகிச்சை பெறும் நிலையமொன்றில் விசாரித்தபோது, அடையாள அட்டைப் பிரதி, வதிவிடச் சான்று, வைத்தியரின் கடிதம் ஆகியவற்றைக் கேட்டார்கள். அடையாள அட்டையோ தூள் விற்பவனிடம் கடனுக்கு ஈடாகக் கிடந்தது. தொலைந்ததாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பதென்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே தம்பி பின்வாங்கத் தொடங்கினான். ஏதாவதொரு கடிதமாவது கிடைக்கும் என்று நம்பி, முழங்காவிலில் இருந்து முதல் பஸ்ஸிலேயே அவனை அந்த அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

மேசையில் இருந்த உத்தியோகத்தர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக, “தூள்காரருக்குக் கடிதம் தாறதெண்டால் வழக்குத் துண்டு வேணும், பொலிஸுக்குப் போய் வாங்கோ” என்றார். வழக்கு இருந்தால்தான் சிகிச்சை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தாமாக முன்வருவோரும் சிகிச்சை பெற வழி செய்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்குள் தம்பிக்கு வருத்தம் தொடங்கிவிட்டது. ஹெரோயின் நின்று ஒருநாள் ஆகுமுன்னரே உடல் அதைக் கேட்கத் தொடங்கும். கிளிநொச்சி வெயிலில் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நடுங்கினான்; ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், நிற்கமுடியாதபடி கால் இழுப்பு. “அக்கா, நான் ஒருக்கால் வெளியில போட்டு வாறன்” என்று அவன் சொன்னபோது, எங்கே போகப் பார்க்கிறான் என்பது எனக்கு விளங்கியது. கையை விடாமல் பிடித்துக்கொண்டு, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்தேன். கடிதங்களைப் பிறகு பார்க்கலாம், உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

அங்கே வெளிநோயாளர் பிரிவில் அட்டையை யாரும் கேட்கவில்லை. உளநலப் பிரிவு வைத்தியர், “தம்பி, கடைசியா எப்ப பாவிச்சனீங்கள்?” என்று பணிவாகக் கேட்ட மாத்திரத்தில், அதுவரை வாய் திறக்காதவன் எல்லாவற்றையும் சொன்னான். அன்றே விடுதியில் அனுமதித்தார்கள். நிலையத்துக்கான கடிதமும் அங்கிருந்தே கிடைத்தது; மற்றப் பத்திரங்கள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பவர்கள், அவன் சம்மதிக்குமுன்னரே அடையாள அட்டைப் பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து மறைத்து வைத்துக்கொள்ளுங்கள். வருத்தம் தொடங்கிவிட்டால் எந்த அலுவலகத்துக்கும் அலையாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவித்தவருக்கு இந்த நடுக்கம் தெரியாமல் போகலாம். அளவுக்கு மீறிய தூக்கமும் மனச்சோர்வும் உயிரை மாய்க்கும் எண்ணமும் வரக்கூடும் என்பதால் அவரைத் தனியே விடக்கூடாது.

வைத்தியர் எங்களை இருத்திவைத்துச் சொன்ன இன்னொன்றும் உண்டு: சிலகாலம் நிறுத்திய உடல் பழைய அளவைத் தாங்காது, திரும்பவும் அதே அளவு தூளை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே தம்பியின் சிம்மை மாற்றி, ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டில் விட்டிருக்கிறோம். கிளினிக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் நானே அவனுடன் போய்வருகிறேன்.