நடன வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

எம்.ஏ. பரதநாட்டியத்தில் எனக்குப் பயம் காட்டியது வரலாற்றுத் தாள்தான். முதல் தடவை, "சதிர் மங்கியது, 1936-ல் கலாக்ஷேத்ரா வந்தது, பரதம் மலர்ந்தது" என்று எழுதிவிட்டு வந்தேன். சதிர் என்பது பரதநாட்டியத்தின் பழைய பெயர்; கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி தொடங்கிய நடனப் பள்ளி. மதிப்பெண் குறைந்தது நியாயம்தான். ஆடியவர்கள் யாருமே அந்த விடையில் இல்லை.

இரண்டாம் தடவைக்கு முன்னால் கும்பகோணத்தில் பஸ் ஏறி, கல்வெட்டுப் பாடத்தின் நகலோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனேன். ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல் அது. தெருவில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, திருவாரூரா திருவையாறா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் விவரம் இருக்கிறது. பெயர்கள் 'நக்கன்' என்று தொடங்குகின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நம் தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 100 கலம் என்றால் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எந்தக் காலத்தைப் படித்தாலும் இரண்டே கேள்விதான்: யார் கற்றுக்கொடுத்தார்கள், யார் சோறு போட்டார்கள்? சோழர் காலத்தில் கோயில் நெல். தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜி காலத்தில் அரண்மனை. தஞ்சை நால்வர் எனப்படும் நான்கு சகோதரர்கள் கச்சேரி வரிசையை அலாரிப்பு முதல் தில்லானா வரை முறைப்படுத்தியது அந்த ஆதரவில்தான். 1855-ல் அரசு போனது, ஆதரவும் போனது. பாலே பற்றிக் கேட்டாலும் இதே வழிதான். ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் 1738-ல் தொடங்கிய பள்ளிக்கு அரசவை செலவு செய்தது. இங்கே கலை, நடன ஆசிரியரான நட்டுவனார் வீட்டில் இருந்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுத்தான் ருக்மிணி தேவி 1935-ல் மேடை ஏறினார்.

தேவதாசி ஒழிப்புப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். சட்டம் 1947-ல் வந்தது. அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிக்கச் சொன்னார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார். இருவர் வாதத்தையும் அவரவர் நிலையில் நின்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எனக்கு அந்த இரண்டு பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது.

அப்புறம் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே, "சபா மேடை வந்த பிறகு தேவதாசி வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள்?" அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி தொடர்ந்து மேடையில் ஆடியதைச் சொன்னேன். சட்டத்துக்குப் பின் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் வாழ்ந்தவர்களையும் சொன்னேன். அந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது.