அப்பளமான முன் சக்கரம்

விபத்துச் செய்தி என்றால் 'அப்பளம் போல நொறுங்கியது' என்று எழுதாமல் இருக்க மாட்டார்கள். நொறுங்குவதற்கு முந்தைய அப்பளத்தை அக்டோபர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். எண்ணெயில் போட்டதும் இரண்டு ஓரம் மேலே எழும்பி, மற்ற இரண்டு ஓரம் கீழே மடங்குமே, அந்த வடிவில் கிடந்தது என் மவுண்டன் பைக்கின் முன் சக்கரம்.

இடம் கோத்தகிரி. கொடநாடு சாலையில் ஈளாடா தாண்டி, தெரிந்தவர் ஒருவரின் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதை. முந்தைய நாள் நல்ல மழை. இறக்கத்தில் வளைவு திரும்பியதும் பாதைக்குக் குறுக்கே ஒரு வடிகால். முன் சக்கரம் அதில் இறங்கியபோது ஹேண்டில் கொஞ்சம் திரும்பியிருந்தது. நேராக இறங்கியிருந்தால் டியூப் மட்டும் போயிருக்கும். சைக்கிள் சக்கரம் மேலிருந்து கீழ் வரும் அடியை நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் அதற்குப் பலம் குறைவு. சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் உருளைக்கு ஹப் என்று பெயர்; கம்பிகள் கோர்க்கும் அதன் இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே உள்ள ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம்தான் பக்கவாட்டுப் பிடிமானம் மொத்தமும். நான் ஹேண்டிலைத் தாண்டித் தேயிலைச் செடி மேல் விழுந்தேன்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து, "கான்ல விட்டுட்டீங்களா தம்பி?" என்றார். வடிகாலைத் தோட்டத்தில் கான் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலும் அதே சொல்தான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பி வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர் குடும்பமும் அப்படி வந்ததுதானாம்.

உடம்புக்கு முழங்கைச் சிராய்ப்பும் முட்டியில் வீக்கமும்தான். ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற பகுதியில் விரிசல் தெரிந்தது. அது தன் வேலையை முடித்துவிட்டது, இனி குப்பைக்குத்தான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் இரண்டு கால்களையும் விரலால் தடவிப் பார்த்தேன். கீறலோ வளைவோ இல்லை.

சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, எழும்பி நின்ற இரண்டு ஓரங்களிலும் கையை ஊன்றி முழு எடையையும் போட்டேன். 'டங்'கென்று ஒரு சத்தம். அப்பளம் ஓரளவு தட்டையானது. டிஸ்க் பிரேக் என்பதால் பிழைத்தேன்; ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்காக இருந்திருந்தால் சக்கரம் சுற்றியே இருக்காது. தள்ளாடித் தள்ளாடி உருட்டி வந்து, கேரட் ஏற்றிப் போன ஒரு பிக்கப் வண்டியில் மேட்டுப்பாளையம் வரை வந்து, அங்கிருந்து கோவை.

அடுத்த இரண்டு வாரத்தை வீணாக்கினேன். இதை எழுதுவதே அந்தக் கதைக்காகத்தான்.

கோட்டம் எடுப்பது, அதாவது சக்கரத்தின் ஆட்டத்தை நேராக்குவது, எனக்குப் புதிதல்ல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, போர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி, அதன் நுனி ரிம்மை உரசும் இடத்தைப் பார்த்து கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டித் திருகான நிப்பிளை அதற்கான சாவியால் திருகுவது. ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தின் வலப்பக்கக் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டு மாலை போயின. பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் மூன்றுக்கு வந்தது. பெருமையாக இருந்தது. தெருமுனை வரை ஓட்டி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். மறுபடியும் எட்டு.

கம்பிகளைத் தொட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. சில கம்பிகள் துணி காயப்போடும் கொடி போலத் தொய்ந்து கிடந்தன. பக்கத்திலேயே சில, இன்னும் கால் சுற்று திருகினால் அறுந்துவிடும் போல விறைத்து நின்றன. இரண்டு நிப்பிள்களின் சதுர முனை வழுக்கி உருண்டையாகிவிட்டது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் தொட மாட்டார். சக்கரம் என்றால் அவர்தான். சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, நாலைந்து கம்பிகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"யாருங்க தம்பி இத இப்படி முறுக்கி வெச்சது?"

"நாந்தாங்க அண்ணா."

"கம்பிய வெச்சு ரிம்ம நிமித்தப் பாத்திருக்கீங்க. ஆகாதுங்க. எல்லாக் கம்பியையும் லூஸ் பண்ணிட்டு ரிம்ம மட்டும் டேபிள் மேல வெச்சுப் பாருங்க. தேறுமா தேறாதான்னு அதுவே சொல்லும்."

செய்து பார்த்தேன். 32 கம்பியையும் தளர்த்தி ரிம்மைத் தனியே எடுத்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பியது. இடைவெளி ஏழு மில்லிமீட்டர். கம்பி எதுவும் இழுக்காமலே வளைந்து நிற்கிறது என்றால் அலுமினியத்தின் உருவமே மாறிவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் சமாளிக்கலாம். ஏழை நேராக்க வேண்டுமானால் கம்பிகளை ஏறுக்குமாறாக இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி இழுத்தால் அடுத்த பள்ளத்தில் தொய்ந்த இடம் விட்டுக்கொடுக்கும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கட்டை, தூண் போலப் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. சைக்கிள் கம்பிக்கு நிற்கவே தெரியாது, அழுத்தினால் வளைந்துவிடும். எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுபட்டிருப்பதால்தான் சக்கரம் சக்கரமாக இருக்கிறது. நாம் ஏறி உட்காரும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். அங்கே ஏற்கெனவே தொய்வான கம்பி இருந்தால் குறைய மிச்சம் ஒன்றும் இருக்காது. கயிற்றுக் கட்டிலில் நாலு கயிறு மட்டும் விறைப்பாகவும் மற்றவை தொங்கியும் இருந்தால் யார் படுப்பார்கள்? இப்படி இழுவையில் நிற்கும் சக்கரத்தை 1808-இலேயே யோசித்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி. சைக்கிளுக்காக அல்ல, பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்பதற்காக.

இனி இரண்டு வழி. முழுச் சக்கரமாக வாங்கி மாட்டுவது, அல்லது பழைய ஹப்பை வைத்துக்கொண்டு ரிம் மட்டும் மாற்றுவது. நேரம்தான் முக்கியம் என்பவர்கள் யோசிக்காமல் முழுச் சக்கரம் வாங்குங்கள், அரை மணி நேர வேலை. என் ஹப்பில் பழுது இல்லை. கோனைத் திறந்து பால்ரஸ்ஸைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்ததும் வெண்ணெயாகச் சுற்றியது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சக்கரம் பின்னிப் பார்க்கும் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

ரிம் வாங்கும்போது '27.5 இஞ்ச்' என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. டயர் உட்காரும் விட்டம் 584 மி.மீ. என்று போட்டிருக்க வேண்டும். 26 இஞ்ச் மவுண்டன் பைக்குக்கு அது 559, 29 இஞ்சுக்கு 622. துளை எண்ணிக்கை ஹப்புக்குப் பொருந்த வேண்டும், எனக்கு 32. இதெல்லாம் சரியாகப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். தீபாவளி நெரிசலில் மாட்டிப் பத்து நாள் கழித்து வந்த ரிம்மில் வால்வுத் துளை 6.5 மி.மீ., அதாவது ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு. என் டியூப்பில் இருப்பது கார் டயரில் இருக்கும் ஷ்ரேடர், அதற்கு 8.5 வேண்டும். துளையைப் பெரிதாக்கலாம்தான், புது ரிம்மில் டிரில்லை வைக்கத் துணிச்சல் இல்லை. வேறு டியூப் வாங்கிக்கொண்டேன்.

பெரிய தவறு அடுத்தது. நல்ல நிலையில் இருந்த பழைய கம்பிகளையே போடலாம் என்று ஆரம்பித்தேன். ஒரே அளவு ரிம்தானே? பாதி இறுக்கியதும் கம்பி நுனி நிப்பிளின் தலையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது, மரையும் முடிந்துவிட்டது. டயர் அளவு ஒன்றாக இருந்தாலும் ரிம்மின் ஆழம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்பிக்குக் கணக்கு, நிப்பிள் தலை உட்காரும் இடத்திலிருந்து நேர் எதிர் நிப்பிள் தலை வரை உள்ள தூரம். அளக்க எளிய வழி: இரண்டு பழைய கம்பிகளைச் சரியாக 200 மி.மீ. இருக்குமாறு வெட்டி நிப்பிள் மாட்டி, எதிரெதிர்த் துளைகளில் கோர்த்து விறைப்பாக இழுத்துப் பிடித்து, நடுவே மிஞ்சும் இடைவெளியை அளந்து 400-உடன் கூட்ட வேண்டும். பழைய ரிம் 564 வந்தது. புதியது 560. நாலு மில்லிமீட்டர் குறைந்தால் ஒவ்வொரு கம்பியும் இரண்டு மில்லிமீட்டர் குறைய வேண்டும். கணக்குப்படி டிஸ்க் பக்கம் 270, மறுபக்கம் 271. கிடைத்தது 270 மட்டும். ஒரு மில்லிமீட்டர் குட்டையானால் பரவாயில்லை, நீளமானால்தான் தொல்லை. இரண்டு பக்கமும் அதையே போட்டேன்.

பின்னுவது ஒரு ஞாயிறு மதியம் முழுக்க ஆனது. ஒரு பக்கத்துக்கு 16 கம்பி. எட்டு ஒரு திசையில் சாயும், எட்டு எதிர்த் திசையில். ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்தில் மூன்று கம்பிகளைக் கடக்கும். முதல் இரண்டுக்கு மேலாகப் போய், மூன்றாவதற்கு அடியில் நுழைய வேண்டும். கூடை முடைந்த கை இருந்தால் சுலபமாக வரும் என்று நினைக்கிறேன். எனக்கு முதல் முறை ஒரு துளை தள்ளிப் போய், வால்வுத் துளைக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஓட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் பம்பின் வாய் இடிக்கும். மொத்தத்தையும் பிரித்தேன். அன்று இரவு வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசும் நிலையில் இல்லை.

இரண்டாம் முறை சரியாக வந்தது. நிப்பிள் மரையில் துளி எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் கம்பியின் மரை மறையும் வரை ஒரே அளவு திருகிவிட்டு, அப்புறம் அரைச் சுற்று, கால் சுற்று என்று வரிசையாக. எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்ற குழப்பம் எனக்கு இன்னும் உண்டு. டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று இறுக்கும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழ். ரிம் மேல் ஒரு அம்புக்குறி ஒட்டி வைத்தேன்.

இழுவையை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. மகளின் பாட்டு வகுப்புக்காகப் போனில் சுருதி பார்க்கும் செயலி இருந்தது. கம்பியைச் சுண்டினால் ஒலிக்கும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் பேச வேண்டும். டிஸ்க் பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். அங்கே ஹப்பின் விளிம்பு நடுவுக்கு நெருங்கி இருப்பதால் கம்பிகள் கூடுதலாக இழுத்தால்தான் ரிம் நடுவில் நிற்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, இது இறங்கியிருக்கு" என்று சொல்லச் சொல்லத் திருகினேன். செயலியைவிட அவள் காது வேகம்.

இறுக்கி முடித்தபின் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து உள்ளங்கை வலிக்கும் அளவு அழுத்த வேண்டும். டிக் டிக்கென்று சத்தம் வரும். திருகும்போது முறுக்கிக்கொண்ட கம்பிகள் தளர்வதும், வளைவுகள் ஹப்பின் துளையில் படிவதும்தான் அது. மறுபடி கோட்டம் எடுத்து, மறுபடி அழுத்தி, மூன்று சுற்றுப் போனபின் சத்தம் நின்றது. டிஸ்க்கை மாட்டும் முன் சக்கரத்தைத் திருப்பிப் போர்க்கில் போட்டுப் பார்த்தேன், ரிம் இரண்டு விதத்திலும் நடுவிலேயே நின்றது. பக்கவாட்டு ஆட்டம் விசிட்டிங் கார்டு நுழையாத அளவு.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. ரிம் டேப், டியூப், டயர், டிஸ்க்கின் ஆறு டி25 (நட்சத்திரப் பள்ளம் உள்ள) போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குவது. பிரேக் உரசியது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் காலிப்பரைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி இறுக்கியதும் நின்றது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிவிட்டுப் பார்த்தார், கட்டை விரலால் நாலு கம்பியை அழுத்தினார். "ஓடட்டுங்க. ஐம்பது கிலோமீட்டர் போயிட்டுக் கொண்டாங்க" என்றார். அவர் சொன்னபடியே நாற்பத்தைந்தாவது கிலோமீட்டரில் இரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தன. கால் சுற்றில் சரியாயிற்று. அதன் பிறகு இதுவரை 210 கிலோமீட்டர், சாவி எடுக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் அதே தோட்டத்துக்குப் போனேன். அந்தக் கானை இறங்கி நின்று, சைக்கிளைத் தூக்கித்தான் கடந்தேன்.

நேற்று சும்மா இருக்க முடியாமல் பின் சக்கரத்தின் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தேன். வண்டி வாங்கியதிலிருந்து தொடாத சக்கரம். ஒரே பக்கத்தில் ஒன்று கீச்சுக்குரலில் கத்துகிறது, அடுத்தது தகர டப்பா போல ஒலிக்கிறது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.