உள்ளங்கை ஈரம்

முதல் தடவை 40 காளான் படுக்கைகள், அதாவது வைக்கோல் அடைத்த பைகள், கட்டினேன். 27 குப்பைக் குழிக்குப் போயின. வெள்ளை வெளேரென்று இழை பரவ வேண்டிய பைகளில், 9-ஆம் நாள் திட்டுத்திட்டாகப் பச்சை. ட்ரைக்கோடெர்மா என்ற பூசணம் அது. பயிர்நோயைத் தடுக்க மண்ணில் இடுகிறார்களே, அதே இனம்தான். காளான் குடிலுக்குள் வந்தால் பகையாளி.

வித்து தந்தவரைத்தான் முதலில் திட்டினேன். பாவம், கோளாறு என் வைக்கோலில் இருந்தது. சிப்பிக் காளானுக்கு வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து உலர்த்த வேண்டும். வேகவைத்ததுவரை ஒழுங்காகச் செய்தேன். உலர்த்துவதில்தான் அவசரம். 65 சதவீத ஈரம் வேண்டும் என்று படித்திருந்தேன், எதைக்கொண்டு அளப்பது? அனுபவசாலிகள் கையால்தான் அளக்கிறார்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது. விரித்தால் உள்ளங்கை நனைந்திருக்க வேண்டும். எனக்கு விரலிடுக்கில் நீர் கசிந்தது. பரவாயில்லை என்று கட்டிவிட்டேன். அடியில் நீர் தேங்கிய பைகள்தான் முதலில் பச்சையாயின.

அடுத்த தடவை பொறுமையாக உலர்த்தினேன். வைக்கோல் ஓர் அடுக்கு, அதன் ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல் என்று பையை நிரப்பினேன். வித்து என்றால் விதை இல்லை; வேகவைத்த சோளத்தின்மேல் காளான் இழையை வளர்த்துத் தருவது. இருட்டறையில் 18 நாளில் பைகள் முழுவதும் வெளுத்துவிட்டன. துள்ளிக் குதித்தேன்.

குடிலுக்கு மாற்றியதும் ஈரப்பதம் குறைந்துவிடுமோ என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். விளைந்ததோ, விரல் நீளக் காம்பும் சட்டைப் பொத்தான் அளவு குடையும்! காளானும் மூச்சு விடுகிறது. கரியமில வாயு தேங்கினால் காம்பு நீள்கிறது, குடை விரிவதில்லை. இப்போது ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. ஈக்கள் நுழையாதபடி நுண்வலை, ஈரத்துக்கு நனைந்த சாக்கு.

மொட்டு தெரிந்த மூன்றாம், நான்காம் நாளில், குடை விளிம்பு மேல்நோக்கி மடியும் முன்பே பறித்துவிடுகிறேன். காம்பைப் பிடித்துத் திருகினால் போதும், கத்தி வேண்டாம். ஒருமுறை ஒரு நாள் தள்ளிப்போட்டேன். மேல் குடைகள் உதிர்த்த வெண்துகள் கீழ்க் குடைகளில் மாவுபோலப் படிந்திருந்தது. இரண்டு நாள் இருமினேன். அன்றிலிருந்து முகக்கவசம் இல்லாமல் உள்ளே போவதில்லை.

இன்று விடியற்காலை மூன்றாம் பறிப்பு. முதல் பறிப்பில் கிடைத்ததில் பாதிகூடத் தேறவில்லை. அந்தப் படுக்கைகள் நாளை மண்புழுத் தொட்டிக்குப் போகின்றன.